கருவி சொல்லும் உண்மையும், சொல்லாத உண்மையும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் நெடுஞ்சாலை ஒன்றில் ஒரு லாரி ஓட்டுநரைக் கற்பனை செய்து பார்ப்போம். அவர் காலை 5 மணிக்குப் பணியைத் தொடங்கினார். வண்டியைச் சோதித்துப் பார்க்க அரை மணி நேரம். அதன்பின் மூன்றரை மணி நேரம் ஓட்டி, காலை 9 மணிக்கு ஒரு சரக்குக் கிடங்கை அடைந்தார். அங்கே இறக்குவதற்கு ஆளில்லை. எந்த நேரமும் அழைப்பு வரலாம், வண்டியை நகர்த்த வேண்டியிருக்கலாம் என்பதால் அவரால் தூங்கவும் முடியவில்லை. சரக்கு இறங்கி அவர் வெளியே வந்தபோது பிற்பகல் 2 மணி. இப்போது மாலை 6.15. லாரிகள் நிற்கும் இடத்திற்கு வந்து பார்த்தால் ஓரிடம்கூட காலியில்லை. அவருக்கு முன்னால் இருக்கும் சிறிய திரையில் எண்கள் குறைந்துகொண்டே வருகின்றன. இன்னும் 45 நிமிடங்கள். இரவு 7 மணிக்கு மேல் அவர் வண்டி ஓட்டினால் அது சட்ட மீறல். சாலையோரத்தில் நிறுத்தினால் அது ஆபத்து. இந்த மனிதர் என்ன செய்வார்?

இது ஒரு நாள் கதை அல்ல. அந்நாட்டில் ஏராளமான லாரி ஓட்டுநர்கள் அடிக்கடி சந்திக்கும் கேள்வி இது. அந்தச் சிறிய திரையின் பெயர் எலெக்ட்ரானிக் லாகிங் டிவைஸ். ஓட்டுநர்கள் சுருக்கமாக இ.எல்.டி. என்பார்கள். மின்னணு நேரப் பதிவுக் கருவி என்று நாம் சொல்லலாம்.

லாரி ஓட்டுநர்களின் பணி நேரத்திற்கு அமெரிக்க நடுவண் அரசு 1930களின் பிற்பகுதியிலேயே வரம்பு வகுத்தது. சரக்கு ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்களுக்கு இன்றுள்ள விதி இதுதான். தொடர்ந்து 10 மணி நேர ஓய்வுக்குப் பிறகு பணியைத் தொடங்கும் ஒருவர், 14 மணி நேரத்திற்குள் 11 மணி நேரம் மட்டுமே வண்டி ஓட்டலாம். 8 மணி நேரம் ஓட்டியபின் 30 நிமிட இடைவெளி கட்டாயம். 7 நாள்களில் 60 மணி நேரம் அல்லது 8 நாள்களில் 70 மணி நேரப் பணிக்குமேல் ஓட்டக்கூடாது. தொடர்ந்து 34 மணி நேரம் ஓய்வெடுத்தால் இந்த வாரக் கணக்கைப் புதிதாகத் தொடங்கலாம்.

விதி நல்லதுதான். ஆனால் அதைக் கடைப்பிடித்ததற்குச் சான்று என்ன? நீண்ட காலமாக அது ஒரு காகிதப் பதிவேடு. ஓட்டுநரே தம் கையால் கோடு போட்டு நிரப்புவார். அதில் பொய் எழுதுவது எளிது. ஒருவர் இரண்டு பதிவேடுகள் வைத்திருப்பதும் நடந்தது. ஓட்டுநர்களே அதற்குச் 'சிரிப்புப் புத்தகம்' என்று கேலிப் பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் அந்தப் பொய்யின் விளைவு சிரிப்புக்குரியது அல்ல. அந்நாட்டில் பெரிய லாரிகள் தொடர்புடைய விபத்துக்களில் அண்மை ஆண்டுகளில் ஆண்டுதோறும் 5,000க்கும் அதிகமானோர் உயிரிழந்துள்ளனர். இறந்தவர்களில் பெரும்பான்மையோர் லாரியில் இருந்தவர்கள் அல்லர், எதிரே அல்லது அருகே மற்ற வாகனங்களில் சென்றவர்கள். களைப்பு மட்டுமே இவ்விபத்துக்களுக்குக் காரணம் அல்ல. ஆயினும் களைத்த கண்களும் 36 டன் எடையும் ஒன்றுசேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை எவரும் விளக்கத் தேவையில்லை.

எனவே 2012ம் ஆண்டில் அமெரிக்கப் பாராளுமன்றம் இயற்றிய போக்குவரத்துச் சட்டம், மின்னணுக் கருவியைக் கட்டாயமாக்கச் சொன்னது. 2015ம் ஆண்டு டிசம்பரில் விதிமுறைகள் வெளியாயின. 2017ம் ஆண்டு டிசம்பர் 18ம் தேதி அவை நடைமுறைக்கு வந்தன. கருவி இல்லாத லாரியைச் சாலையில் நிறுத்தி வைக்கும் நடவடிக்கை 2018ம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி தொடங்கியது. பழைய வகைக் கருவிகளுக்குத் தரப்பட்ட சலுகை 2019ம் ஆண்டு டிசம்பரில் முடிந்தது.

இந்தக் கருவி லாரியின் எஞ்சினோடு இணைக்கப்படுகிறது. எஞ்சின் ஓடுகிறதா, வண்டி நகர்கிறதா, எத்தனை மைல் சென்றது என்பதை அதுவே குறித்துக்கொள்கிறது. வண்டி நகரத் தொடங்கி மணிக்கு 5 மைல் வேகத்தைத் தாண்டுவதற்குள் அது 'ஓட்டுகிறார்' என்று பதிவாகிவிடும். ஓடும்போது ஒரு மணி நேரத்திற்கு ஒருமுறை இடத்தையும் பதிவு செய்யும். தானாகப் பதிவான ஓட்டிய நேரத்தை ஓட்டுநரோ முதலாளியோ குறைக்க முடியாது. மற்ற திருத்தங்களுக்குக் காரணம் எழுத வேண்டும். நிறுவனம் திருத்தம் சொன்னாலும் ஓட்டுநர் ஒப்புக்கொண்டால்தான் அது செல்லும். ஒவ்வொரு நாள் முடிவிலும் தம் பதிவு உண்மை என்று அவர் உறுதி செய்ய வேண்டும். நிறுவனம் பதிவுகளை 6 மாதம் பாதுகாக்க வேண்டும்.

கருவி பழுதானாலும் சட்டம் விடுவதில்லை. ஓட்டுநர் 24 மணி நேரத்திற்குள் நிறுவனத்திற்கு எழுத்தில் தெரிவித்து, அன்றைய கணக்கையும் முந்தைய 7 நாள் கணக்கையும் காகிதத்தில் எழுத வேண்டும். நிறுவனம் 8 நாள்களுக்குள் பழுது நீக்க வேண்டும். எனவேதான் கருவி இருக்கும் வண்டியிலும் வெற்றுப் பதிவுத் தாள்கள் இருக்க வேண்டும் என்பது விதி. குறுகிய தூரம் சென்று அன்றே திரும்புவோருக்கும், 30 நாள்களில் 8 நாள்களுக்குமேல் பதிவேடு எழுதத் தேவையில்லாதோருக்கும், 2000ம் ஆண்டுக்கு முந்தைய எஞ்சின் கொண்ட வண்டிகளுக்கும் விலக்கு உண்டு.

இதனால் பயன் கிட்டியதா? சோதனைகளில் பிடிபட்ட நேர மீறல்கள், 2017ம் ஆண்டு மே மாதத்தோடு ஒப்பிடுகையில் 2018ம் ஆண்டு மே மாதத்தில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. இது வரவேற்கத்தக்கது. ஆனால் 2019ம் ஆண்டில் மூன்று அமெரிக்கப் பல்கலைக் கழகங்களின் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. நேர விதி மீறல்கள் குறைந்தன, ஆனால் விபத்துக்கள் குறைந்ததாகத் தெரியவில்லை என்று அவர்கள் கண்டனர். அதுமட்டுமல்ல, சிறு நிறுவனங்களின் ஓட்டுநர்களிடையே அதிவேகம் போன்ற ஆபத்தான ஓட்டுதல் கூடியிருந்தது. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. வேலையின் அளவு குறையவில்லை, நேரம் மட்டும் குறைந்தது. எனவே கடிகாரத்தை வெல்ல, கால் வேக மிதியை அழுத்துகிறது.

மீண்டும் நம் கற்பனை ஓட்டுநரிடம் வருவோம். 11 மணி நேரம் ஓட்ட அவருக்குச் சட்டம் அனுமதி தந்தது. ஆனால் 14 மணி நேரக் கடிகாரம் கிடங்கின் வாசலிலும் நிற்காமல் ஓடியது. அவர் ஓட்டக் கூடியது எட்டரை மணி நேரம்தான். ஐந்து மணி நேரம் காத்திருந்ததில் இரண்டரை மணி நேர ஓட்டத்தை, அதாவது 200 கிலோ மீட்டருக்கும் அதிகமான தூரத்தை அவர் இழந்தார். அந்நாட்டு நெடுந்தூர ஓட்டுநர்களில் மிகப் பலருக்கு மைல் கணக்கில்தான் ஊதியம். மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் ஓட்டுநர்களுக்கு மிகைநேர ஊதியம் தர வேண்டும் என்ற கடமையிலிருந்து 1938ம் ஆண்டின் நடுவண் தொழிலாளர் சட்டம் முதலாளிகளுக்கு விலக்கு அளித்துள்ளது. ஆக, அவர் இழந்தது அவர் வீட்டுப் பணம். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2018ம் ஆண்டு சனவரியில் தந்த அறிக்கை, கிடங்கில் தங்கும் நேரம் சராசரியாக 15 நிமிடம் கூடினால் எதிர்பார்க்கப்படும் விபத்து விகிதம் 6.2 விழுக்காடு கூடும் என்று மதிப்பிட்டது. யாரோ ஒருவர் கிடங்கில் காட்டும் அலட்சியம், எங்கோ ஒரு சாலையில் இன்னொருவரின் உயிரைத் தொடுகிறது.

அடுத்தது, நிறுத்துமிடம். 2009ம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜேசன் என்ற 35 வயது ஓட்டுநர், சரக்கு இறக்கும் நேரம் இன்னும் வராததால், தென் கரோலைனா மாநிலத்தில் கைவிடப்பட்ட ஒரு பெட்ரோல் நிலையத்தில் லாரியை நிறுத்தி ஓய்வெடுத்தார். அங்கே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொள்ளையடிக்கப்பட்டது 7 டாலர். அப்போது அவரது மனைவி இரட்டைக் குழந்தைகளைச் சுமந்துகொண்டிருந்தார். அந்தப் பெண் விடாது போராடியதன் விளைவாக, லாரிகளுக்குப் பாதுகாப்பான நிறுத்துமிடம் தேட வழிசெய்யும் 'ஜேசன் சட்டம்' பிறந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, அன்பர்களே. ஜேசன் சட்டமும் மின்னணுக் கருவிக்கான கட்டளையும் ஒரே சட்டத்தின், அந்த 2012ம் ஆண்டுச் சட்டத்தின் இரு பகுதிகள். கருவி 5 ஆண்டுகளில் வண்டிகளுக்குள் வந்துவிட்டது. நிறுத்துமிடம் வரவில்லை. ஜேசன் சட்டத்தின்படி 2019ம் ஆண்டில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில், பாதுகாப்பான இடம் கிடைப்பது வழக்கமாகவே சிக்கலாக உள்ளது என்று 98 விழுக்காட்டு ஓட்டுநர்கள் கூறினர். ஓய்வெடு என்று ஆணையிடுவது எளிது. ஓய்வெடுக்க இடம் தருவது செலவு பிடிக்கும் காரியம். எளியது நடந்தது, செலவு பிடிப்பது காத்திருக்கிறது.

கருவிக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. அது தூக்கம். 2014ம் ஆண்டு சூன் 7ம் தேதி நியூ ஜெர்சி நெடுஞ்சாலையில் ஒரு லாரி, மெதுவாகச் சென்ற வேன் ஒன்றில் மோதியது. அதில் நகைச்சுவைக் கலைஞர் ஒருவர் இறந்தார், பலர் படுகாயமடைந்தனர். அந்த நேரத்தில் லாரி ஓட்டுநர் பணியைத் தொடங்கி 14 மணி நேரம் இன்னும் முடியவில்லை. ஆனால் பணிக்கு வருவதற்கே அவர் ஜார்ஜியாவிலிருந்து டெலவேர் வரை இரவெல்லாம் தம் சொந்தக் காரை ஓட்டி வந்திருந்தார். 28 மணி நேரத்திற்கு மேலாக அவர் கண் மூடவில்லை என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2015ம் ஆண்டில் கண்டறிந்தது. கணக்கு சரியாக இருந்தது. மனிதர் சரியாக இல்லை. விதியின் எழுத்துக்குக் கீழ்ப்படிவது வேறு, விதி எதற்காக வந்ததோ அதற்குக் கீழ்ப்படிவது வேறு என்பதை இது வேதனையோடு சொல்கிறது.

நம் நம்பிக்கை மரபுக்கு இக்கேள்வி புதியதல்ல. ஓய்வுநாள் கட்டளை வீட்டுத் தலைவருக்கு மட்டும் தரப்பட்டதல்ல, பணியாளருக்கும் அந்நியருக்கும் உழைக்கும் மாட்டுக்கும் சேர்த்தே தரப்பட்டது. 1891ம் ஆண்டில் திருத்தந்தை 13ம் சிங்கராயர் 'ரேரும் நொவாரும்' திருமடலில், உழைப்பின் நேரம் மனித ஆற்றலை மிஞ்சக்கூடாது என்று வலியுறுத்தினார். 2007ம் ஆண்டு சூனில் திருப்பீட அவை ஒன்று சாலைகளின் மேய்ப்புப்பணிக்கென்றே வழிகாட்டி ஏட்டை வெளியிட்டு, வாகன ஓட்டிகளுக்குப் பத்துக் கட்டளைகளையும் தந்தது. ஓய்வு என்பது முதலாளி தரும் சலுகை அல்ல என்பதே இவை அனைத்தின் உட்கருத்து.

அப்படியானால் கருவி வேண்டாமா? அப்படிச் சொல்வது தவறு. பொய்க் கணக்கு யாரையும் காப்பாற்றியதில்லை. இன்னும் சொல்லப்போனால், நேர்மையான பதிவு ஓட்டுநருக்கே கேடயம். "இன்னும் இரண்டு மணி நேரம் ஓட்டிவிடு, கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்ன முதலாளிக்கு முன்னால் முன்பு அவர் தனியாக நின்றார். இன்று கருவியைக் காட்டி, "முடியாது ஐயா" என்று சொல்லலாம். விதியை மீறும்படி ஓட்டுநரைக் கட்டாயப்படுத்துவது 2016ம் ஆண்டு சனவரி முதல் தனிக் குற்றம். நிறுவனம் மட்டுமல்ல, சரக்கு அனுப்புபவர், பெறுபவர், இடைத்தரகர் ஆகியோரும் அதற்குப் பொறுப்பு. 90 நாள்களுக்குள் புகார் செய்யலாம். பதிவைத் திருத்தித் தருகிறோம் என்று ஆசை காட்டுவோரிடம் ஓட்டுநர் ஏமாறக் கூடாது. விதிகளுக்குப் பொருந்தாத பல கருவிகளை அரசு தன் பட்டியலிலிருந்து நீக்கியுள்ளது. அந்தப் பட்டியலை அவ்வப்போது பார்ப்பதும் கடமை.

ஆனால் நேர்மை ஒருவரிடம் மட்டும் கேட்கப்பட்டால் அது நீதி ஆகாது. ஓட்டுநரின் ஒவ்வொரு நிமிடத்தையும் கணக்கு வைக்கும் சமுதாயம், கிடங்கு வாசலில் அவர் இழக்கும் மணிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். காத்திருப்புக்கு ஊதியம், நிற்பதற்கு இடம், தூங்குவதற்கு அமைதி ஆகிய மூன்றும் இருந்தால்தான் அந்தத் திரையின் எண்களுக்குப் பொருள் உண்டு.

அன்பு வாசகர்களே, நம்மில் பெரும்பாலோர் லாரி ஓட்டுவதில்லை. ஆனால் இன்று காலை குடித்த பாலிலிருந்து இரவு உண்ணும் சோறு வரை, ஏதோ ஓர் ஓட்டுநரின் விழிப்பு கலந்திருக்கிறது. "நேற்றே வந்திருக்க வேண்டுமே" என்று ஒரு பொருளுக்காக நாம் முணுமுணுக்கும்போது, அந்த அவசரம் எங்கோ ஒரு களைத்த மனிதரின் தோளில் இறங்குகிறது. நம் கடை வாசலில், ஆலை வாசலில், வீட்டு வாசலில் வந்து நிற்கும் ஓட்டுநரை வீணாகக் காக்க வைக்காமல் அனுப்புவது நம் கையில் இருக்கிறது. ஒரு குவளைத் தண்ணீரும் சற்று நேரம் சாய நிழலும் தருவதும் நம் கையில் இருக்கிறது. மாலை 6.15க்கு இடம் தேடி நிற்கும் அந்த மனிதருக்கு நாம் என்ன பதில் சொல்லப்போகிறோம்? சிந்திப்போம்.