கேக் பிறகு வெட்டலாம், முதலில் நியமனக் கடிதத்தைத் தாங்கோ

மகளிர் தினம் வந்தால், வருட முடிவு வந்தால் எங்கட வேலைத்தளங்களில் கேக் வெட்டுவினம். 'மாதத்தின் சிறந்த ஊழியர்' என்று ஒருவரின் படத்தைப் பேஸ்புக்கில் போடுவினம். சில இடங்களில் பேச்சாளர் ஒருவரைக் கூப்பிட்டு ஊழியர்களுக்கு 'ஊக்கம்' ஊட்டுவினம். அதுவும் ஞாயிற்றுக்கிழமையில், சம்பளமில்லாமல்.

கேக்கோடு எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. ஊழியரை மதிக்கிறது எப்படி என்ற கேள்விக்கு அதை மட்டுமே பதிலாக நீட்டுவதுதான் எரிச்சல்.

சிறந்த ஊழியர் என்று படம் போட்டீர்களே, அந்தப் பிள்ளைக்கு நியமனக் கடிதம் குடுத்தாச்சா? ஈ.பி.எஃப் கட்டுறீங்களா? காலை எட்டரைக்கு வந்து இரவு ஏழரை வரை புடவைக் கடையில் நிற்கிறவள் இருக்க ஒரு கதிரை இருக்கா?

நாங்கள் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954இல் வந்தது. நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கொடுப்பனவு. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தது. ஊழியரின் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னொரு 3 வீதம் கட்ட வேண்டும். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் 5 வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. 2026 ஜனவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். இதெல்லாம் முதலாளியின் பெருந்தன்மை இல்லை, கடமை.

இதைக் கேட்டால் உடனே வாற பதில்: "நாங்கள் ஒரு குடும்பம் மாதிரி." நல்லது. குடும்பம் எண்டால் லாபத்திலும் பங்கு வருமே? மேலதிக வேலைக்கு மட்டும் குடும்பம், காசு கேட்டால் கூலியாள் என்பது என்ன உறவு?

2022 நெருக்கடிக்குப் பிறகு சின்னக் கடைக்காரர் பட்ட பாடும் எங்களுக்குத் தெரியும். கணக்கைத் திறந்து காட்டி, "இந்த மாதம் கஷ்டம், சம்பளம் பத்தாம் திகதிதான்" என்று நேரே சொல்கிற முதலாளியோடு ஆட்கள் நிற்பார்கள். ஆனால் ஊழியரின் சம்பளத்தில் 8 வீதத்தைக் கழித்துவிட்டு நிதிக்குக் கட்டாமல் விடுகிறவர் கஷ்டத்தைக் காரணம் சொல்ல ஏலாது. அது அடுத்தவரின் காசு.

காசு செலவில்லாத மரியாதைகளும் இருக்கு. வாடிக்கையாளருக்கு முன்னால் ஏசாமல் தனியக் கூப்பிட்டுச் சொல்வது. வேலையைச் செய்தவரின் பெயரை மேலிடத்தில் சொல்வது. செத்த வீட்டுக்கு லீவு கேட்கிறவரை விசாரணைக் கைதி மாதிரி நிறுத்தாமல் விடுவது. வேலை நேரத்தை மாற்ற முதல் அந்த நேரத்துக்கு பஸ் இருக்கா என்று கேட்பது. இவ்வளவும் செய்கிற இடத்தில் ஊக்கப் பேச்சாளருக்கு வேலையே இருக்காது.

"இந்தக் காலத்துப் பிள்ளையள் ஒரு இடத்திலும் நிலைக்கிறேல்ல" என்று பெரியாக்கள் அலுத்துக்கொள்கிறார்கள். வங்கிக் கடனுக்குக் காட்ட ஒரு சம்பளச் சிட்டை இல்லாத இடத்தில், எதை நம்பி நிலைக்கிறது? வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் காசுக்காக மட்டும் போகவில்லை. தன்ர வேலைக்கு ஒரு கணக்கு இருக்க வேண்டும் என்று நினைத்துப் போகிறவர்களும் இருக்கினம்.

எங்களில் பலர் இப்போதுதான் முதல் வேலைக்குப் போகிறோம். முதல் மாதமே நியமனக் கடிதத்தையும் ஈ.பி.எஃப் இலக்கத்தையும் கேட்போம். தராவிட்டால் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகம் இருக்கு. தனியக் கேட்கப் பயமென்றால் நாலு பேராகக் கேட்போம்.

எங்களில் சிலர் மேற்பார்வையாளராகவும் முகாமையாளராகவும் ஆகிவிட்டோம். அவர்களுக்கும் இதே கேள்விதான்: உங்களுக்குக் கீழ வேலை செய்கிறவருக்கு கடிதம் குடுத்தாச்சா?