ஊரை நடந்து படிப்போம்



பள்ளி விடுமுறை நெருங்கும்போது பெற்றோர் சிலர், "டீச்சர், பிள்ளைகளை எங்கே அழைத்துப் போனால் நல்லது?" என்று கேட்பதுண்டு. கேளிக்கைப் பூங்கா ஒன்றின் பெயரையோ தலைநகரின் பேரங்காடி ஒன்றையோ நான் சொல்லுவேன் என்று எதிர்பார்ப்பார்கள். என் மறுமொழி வேறு. எங்கே போகிறோம் என்பதைவிட எப்படிப் போகிறோம் என்பதுதான் பிள்ளைக்குக் கல்வியாகிறது. நடந்து போங்கள். அதையும் முதலில் நம் ஊரிலிருந்தே தொடங்குங்கள்.

இக்கருத்து எனக்கு முன்பே உண்டு. ஆயினும் அஃது உறுதிப்பட்டது நெதர்லாந்து நாட்டின் லெய்டன் என்னும் நகரில்தான். பல்லாண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் நானும் என் கணவரும் மேற்கொண்ட பயணம் அது. சுற்றுலாக் குழு எதிலும் நாங்கள் சேரவில்லை. முதல் நாள் முழுவதும் வண்டி ஏறுவதில்லை என்று முடிவு செய்துகொண்டோம்.

தெரியாத ஊரில் நடப்பவருக்குக் கண்ணும் காதும் தாமே கூர்மையாகிவிடுகின்றன. மிதிவண்டிக்கெனத் தனிப் பாதை உள்ள நாடு அது. மணியோசை கேட்டால் விலகி நிற்கக் கற்றுக்கொண்டோம். கால்வாய்களைக் கடக்கும் சிறு பாலங்களை எண்ணிக்கொண்டே நடந்தோம். தொடர்வண்டி நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் 'டி வால்க்' என்னும் உயரமான காற்றாலை நிற்கிறது. முன்பு மாவு அரைத்த ஆலை, இன்று அருங்காட்சியகம். அது கட்டப்பட்ட ஆண்டு 1743. இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் மீண்டும் வரும்.

லெய்டனில் என்னை மிகவும் கவர்ந்தவை அதன் சுவர்கள். 1992 ஆம் ஆண்டில் பென் வாலன்காம்ப், யான் வில்லெம் பிரெய்ன்ஸ் என்னும் இருவர் அந்நகரத்து வீட்டுச் சுவர்களில் கவிதைகளை எழுதுவிக்கத் தொடங்கினர். முதலில் வந்தது ரஷ்யக் கவிஞர் மரீனா சுவெத்தாயெவாவின் கவிதை. 2005 இல் ஸ்பானியக் கவிஞர் லோர்க்காவின் கவிதையோடு அந்த வரிசை 101 ஆனது. ஒவ்வொரு கவிதையும் அதனதன் மொழியிலும் எழுத்திலும் பெரிதாகத் தீட்டப்பட்டுள்ளது. பலவற்றின் அருகில் மொழிபெயர்ப்புப் பலகையும் உண்டு. நுழைவுச் சீட்டு கிடையாது. நடப்பவர் எவரும் நின்று படிக்கலாம்.

அச்சுவர்களுள் ஒன்றில் இந்தோனேசியக் கவிஞர் கைரில் அன்வாரின் 'ஆக்கு' என்னும் கவிதை இருக்கிறது. 'நான்' என்பது அதன் பொருள். கடைப்பலகைகளில் ஒரு சொல்லும் விளங்காமல் காலை முழுவதும் நடந்த எங்களுக்கு, அங்கே எழுத்துக்கூட்டாமல் படிக்க ஒரு பக்கம் கிடைத்தது. என் கணவர் அதனை வாய்விட்டுப் படித்தார். இந்தோனேசியாவை நெடுங்காலம் ஆண்டது நெதர்லாந்து. ஆளப்பட்டவர்களின் மொழி இன்று ஆண்டவர்களின் ஊர்ச் சுவரில் நிமிர்ந்து நிற்கிறது. ஒரு வகுப்பறையில் நாற்பது நிமிடம் விளக்கினாலும் முழுமையாகப் புரியவைக்க இயலாத வரலாறு இது.

தமிழருக்கும் லெய்டன் அந்நியமான பெயரன்று. ஆனைமங்கலச் செப்பேடுகளை 'லெய்டன் செப்பேடுகள்' என்றுதான் உலகம் அழைக்கிறது. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையளித்த செய்தியை அவை கூறுகின்றன. பெரிய தொகுதியில் மட்டும் 21 ஏடுகள். அவற்றுள் 16 தமிழ். அவை 1862 இல் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தன. கடாரம் என்பது நம் கெடா மாநிலம். அங்குள்ள அரசனையும் சோழனையும் நாகப்பட்டினத்தையும் இணைக்கும் ஆவணம் எங்கோ ஒரு குளிர்நாட்டு நகரின் பெயரைத் தாங்கியிருப்பதை எண்ணியபோது, எழுதி வைக்கப்பட்டதும் காக்கப்பட்டதும்தான் வரலாறாக எஞ்சுகிறது என்பது எனக்குத் தெளிவாயிற்று.

இனி நம் ஊருக்கு வருவோம்.

லூமுட் படகுத் துறையில் ஏறினால் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் பங்கோர்த் தீவு. அங்கே தெலுக் கெடோங் என்னுமிடத்தில் டச்சுக் கோட்டையின் எச்சம் நிற்கிறது. ஈயத்தைச் சேமித்து வைக்க டச்சுக்காரர்கள் 1670 இல் மரத்தால் கட்டி, 1680 இல் செங்கல்லால் மாற்றிய கோட்டை அது. 1690 இல் உள்ளூர் மக்களின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. 1973 இல் தேசிய அருங்காட்சியகம் அதனைச் சீரமைத்தது. அருகிலுள்ள பெரும்பாறையில் ஒரு புலியின் உருவமும், டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் முத்திரையும், ஓர் ஆண்டும் செதுக்கப்பட்டுள்ளன. அந்த ஆண்டு 1743. லெய்டனில் காற்றாலை எழுந்த அதே ஆண்டில், நம் கண்ணெதிரே உள்ள தீவில் எவரோ ஒருவர் உளியெடுத்துப் பாறையில் செதுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். நம் மாணவர்களுள் எத்தனை பேர் அப்பாறையைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள்? தீவுக்குப் போனவர்கள் பலர். கடலில் குளித்து, நெத்திலி வாங்கித் திரும்பியவர்களே மிகுதி.

இதிலும் பெரிய கவலை ஒன்று உண்டு. டச்சுக்காரரின் கோட்டைக்கு அறிவிப்புப் பலகை இருக்கிறது. சித்தியவான், ஆயர் தாவார் சுற்றுவட்டாரத்தில் பால்மரம் சீவிய நம் பாட்டன் பாட்டியர் வாழ்ந்த லயங்களில் பலவற்றுக்கு என்ன இருக்கிறது? பெரட்டுக்களம் எங்கே இருந்தது, ஆயாக் கொட்டகை எந்த மரத்தடியில் இருந்தது, பால் நிறுத்த ஸ்டோர் எந்தப் பக்கம் என்று விரல் நீட்டிக் காட்டக்கூடியவர்கள் இன்று எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வருகின்றன. காட்டும் விரல் மறைந்துவிட்டால், பிறகு நடந்தாலும் படிப்பதற்கு ஒன்றும் இராது.

பெற்றோர் சொல்லும் தடைகளை நான் அறிவேன். வெயில் கடுமை, பல சாலைகளில் நடைபாதை கிடையாது, சனிக்கிழமை என்றால் கூடுதல் வகுப்பு. உண்மைதான். லெய்டனின் குளிரையும் சமதரையையும் நம் ஊரில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் காலை ஏழரை மணி முதல் ஒன்பதரை வரை நடக்கலாமே! இரண்டு மணி நேரம் போதும். தேர்வைக் காரணம் காட்டிய காலமும் போயிற்று. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021 இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆசிரியர்களாகிய நாமும், கல்விச் சுற்றுலா என்றால் பேருந்தை வாடகைக்கு எடுத்துத் தலைநகருக்குச் செல்லுதல் என்னும் பழக்கத்தைச் சற்றே மாற்றிக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியவை எளியவை. நடக்கும்போது பிள்ளையின் கையில் குறிப்பேடு ஒன்று இருக்கட்டும். கண்ணில் படும் பெயர்ப்பலகை, கல்வெட்டு, கோவிலின் கட்டட ஆண்டு ஆகியவற்றை அது எழுதட்டும். வழியில் பெரியவர் ஒருவரை வணங்கி, "தாத்தா, முன்பு இங்கே என்ன இருந்தது?" என்று ஒரு கேள்வி கேட்கட்டும். வீடு திரும்பியபின் கேட்டதைத் தமிழில் பத்து வரி எழுதட்டும். லூமுட் என்னும் மலாய்ச் சொல்லுக்குப் பாசி என்று பொருள் என்பதிலிருந்தே தொடங்கலாம். நான்காம் ஆண்டு மாணவரின் கட்டுரைப் பயிற்சிக்கு இதைவிடச் சிறந்த தலைப்பு வேண்டுமா?

அந்தப் பத்து வரிகளைப் பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள். ஆண்டுதோறும் சேர்ந்தால் அது நம் ஊரின் ஏடாகும். செப்பேடு செய்ய நமக்கு வசதியில்லை. தாளும் எழுதுகோலும் இருக்கின்றன. கேட்டால் சொல்லக்கூடிய தாத்தா பாட்டியர் இன்னும் சிலர் இருக்கின்றனர். வரும் சனிக்கிழமையே தொடங்குவோம்.