ஆணி கிளிப்பும் அட்வான்ஸ் பணமும்

புனேல வாடகைக்கு வீடு தேடினவங்களுக்குத் தெரியும், ஓனர் போடற கண்டிஷன்ல ஒண்ணு, சுவத்துல டிரில் போடக்கூடாது. ஆணி அடிச்சா கண்டுக்க மாட்டார். என்னைக் கேட்டா இது தலைகீழ் நியாயம்.

இன்டர்நெட் ஒயர் இழுக்க வர்ற பையன் கிட்ட இருக்கறது ஒரு சுத்தியலும் ஒரு பாக்கெட் ஆணி கிளிப்பும்தான். பத்தே நிமிஷத்துல அடிச்சிட்டுக் கிளம்பிடுவான். உள்சுவர்ப் பூச்சு கனம் சுமார் அரை இஞ்ச். அந்தக் குட்டி ஆணிக்குப் பிடிப்பே பெரும்பாலும் அதுலதான். அடிக்கிற அடியில ஆணியைச் சுத்தி அது பொடிஞ்சுடும். பின்னாடி கான்கிரீட் பீம் இருந்துட்டா ஆணி வளையும். இன்னும் ரெண்டு அடி போட்டா பூச்சே ரூபாய்க் காசு அகலத்துக்குப் பேந்துக்கும். கொஞ்ச நாள்ல ஒயர் தொங்கும். தவழற குழந்தை இருக்கற வீட்ல, தொங்கற ஒயர் கைக்குப் போகும், உதிர்ந்த ஆணி வாய்க்குப் போகும்.

டிரில்தான் உருப்படியான வழி. 6 மி.மீ. பிட், பூச்சைத் தாண்டி செங்கல்லுக்குள்ள ஒரு இஞ்சாவது போகணும். தூளை ஊதி எடுக்கணும் (எலக்ட்ரீஷியன் இதை மட்டும் செய்யவே மாட்டார், பக்கத்துல நில்லுங்க). அப்புறம் ராவல் பிளக். இங்கே கடையில 'கிட்டி'ன்னு கேட்டாத்தான் கிடைக்கும் :-) ஸ்க்ரூ முறுக்க முறுக்க பிளக் விரிஞ்சு செங்கல்லைக் கவ்விக்கும்.

செங்கல்னா தூள் சிவப்பா வரும். பூச்சைத் தாண்டியும் வெளுப்பா மாவு மாதிரி வந்தா ஏஏசி பிளாக்கா இருக்கும், புது அபார்ட்மெண்ட்கள்ல சகஜம். அதுல ஹாமர் மோடை அணைச்சிட்டுத் துளைங்க. பிளக்கும் அதுக்குன்னே விக்கறதை வாங்குங்க, சாதா பிளக் சுத்தும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலயும் கீழயும் பக்கவாட்டுலயும் எதுவும் வேண்டாம், உள்ளே கரண்ட் ஒயர் ஓடும். ஆணி அடிக்கறவங்களுக்கும் இது பொருந்தும்.

காலி பண்ற அன்னிக்குக் கணக்குப் பாருங்க. டிரில் துளைக்கு விரல் நுனியளவு பட்டி போதும். பேந்த பூச்சுக்கு கலவை, பட்டி, பெயிண்ட், கூலி, எல்லாம் நம்ம அட்வான்ஸ்ல கழியும். அதனால அக்ரிமெண்ட் போடும்போதே 'துளைகளை அடைச்சுத் தர்றோம்'னு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க. எங்க ஓனர் ரெண்டு நாள் யோசிச்சுட்டு ஒத்துக்கிட்டார். அப்பவும் மசியாத ஓனர்னா, டைல்ஸ் ஸ்கர்டிங் மேல ஒட்டற கேசிங் வாங்கி அதுக்குள்ள ஒயரை விடுங்க. டிஸ்டெம்பர் மேல ஒட்டாதீங்க, உரிஞ்சு வந்துடும்.