தேய்த்த கையும் தேடிய அறிவும்

திரவப் படிகம் இல்லாத வீடு இன்று அரிது. கால்குலேட்டர், எண் கடிகாரம், தொலைக்காட்சி, கைப்பேசி எனப் பலவற்றின் முகப்பிலும் அது இருக்கிறது. ஆனால் அத்தகைய திரைகளுக்குள் ஒரு துணியின் வேலையும் மறைந்திருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

திரவப் படிகம் திரவத்தைப் போல ஓடும். ஆயினும் அதன் குச்சி போன்ற மூலக்கூறுகள் ஒரே திசையை நோக்கி நிற்கும். 1888ஆம் ஆண்டில் பிராக் நகரில் ரைனிட்சர் என்ற தாவரவியல் அறிஞர் இதை முதன்முதலில் கண்டார். அவர் சூடேற்றிய பொருள் ஏறக்குறைய 145 பாகையில் உருகிக் கலங்கலாகவும், 178 பாகையில் தெளிந்த திரவமாகவும் மாறியதாம்!

இம்மூலக்கூறுகளை நாம் விரும்பும் திசையில் நிறுத்துவது எப்படி? இங்குதான் துணி வருகிறது. இரு கண்ணாடித் தகடுகளின் உட்பக்கத்தில் பாலிஇமைடு என்னும் பாலிமரை மிக மெல்லிய படலமாகப் பூசி, சூடேற்றி இறுகச் செய்கிறார்கள். பிறகு வெல்வெட் போன்ற துணி சுற்றிய உருளையால் அதை ஒரே திசையில் தேய்க்கிறார்கள். அதன்மேல் படும் மூலக்கூறுகள் தேய்த்த திசையிலேயே படுத்துக்கொள்கின்றன. எதிர்த் தகட்டை 90 பாகை திருப்பி வைத்தால், இடையிலுள்ள மூலக்கூறுகள் சுழல் படிக்கட்டைப் போலச் சிறிது சிறிதாகத் திரும்புகின்றன. ஒரே தளத்தில் அதிரும் ஒளி அப்படிக்கட்டு வழியே தானும் திரும்பி வெளியே வருகிறது. மின்னழுத்தம் கொடுத்தால் மூலக்கூறுகள் எழுந்து நிற்கும், படிக்கட்டு குலையும், வெளியே உள்ள வடிகட்டித் தாள் ஒளியைத் தடுத்துவிடும். கால்குலேட்டரில் நாம் காணும் கறுப்பு எண் இதுவே. மின்னழுத்தம் நின்றதும், தேய்த்த பரப்பு மூலக்கூறுகளை மீண்டும் பழைய வரிசைக்கே கொண்டுவந்துவிடும். 1970ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் ஷாட், ஹெல்ஃப்ரிக் ஆகிய இருவர் கண்ட வழி இது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கண்ணாடியைத் தேய்த்தால் மூலக்கூறுகள் வரிசைப்படும் என்று பிரெஞ்சு அறிஞர் ஷாத்லேன் 1943ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். ஆனால் ஏன் வரிசைப்படுகின்றன? தேய்ப்பதால் நுண்ணிய பள்ளங்கள் உண்டாகின்றன, மூலக்கூறுகள் அவற்றின் வழியே படுக்கின்றன என்று 1972இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பெரிமன் விளக்கினார். 1987இல் அதே ஆய்வுக்கூடத்தினர் வேறு விளக்கம் தந்தனர்: தேய்க்கும்போது பாலிமரின் சங்கிலிகளே இழுபட்டு ஒரு திசையில் நீள்கின்றன, அவையே மூலக்கூறுகளுக்கு வழிகாட்டுகின்றன. 1995இல் எக்ஸ் கதிர் ஆய்வு, பாலிஇமைடின் மேற்பரப்பில் சங்கிலிகள் அவ்வாறு திரும்பியிருப்பதைக் காட்டியது. அதற்குள் திரவப் படிகக் கடிகாரங்கள் உலகெங்கும் பரவிவிட்டன! கை முன்னே சென்றது. காரணம் பின்னே வந்தது.

இதை ஏன் எழுதுகிறோம்? பத்தாம் வகுப்பில் தேர்வு நெருங்க நெருங்க, முதலில் பறிபோவது செய்முறை நேரமே. "மனப்பாடம் செய்யுங்கள், செய்முறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற சொல் நம் காதுகளுக்குப் பழகிவிட்டது. வீட்டிலும் அப்படித்தான். துடைப்பதும் தேய்ப்பதும் பெண்களின் வேலை, அறிவியல் வேறெங்கோ இருக்கும் பெரிய விஷயம் என்று பலர் எண்ணுகிறார்கள். கையால் செய்வது அறிவுக்குக் கீழானது என்ற எண்ணம் தவறு என்பதே எங்கள் கருத்து.

அப்படியானால் பாடநூல் வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். நிச்சயமாக வேண்டும். துணியால் தேய்க்கும்போது தூசி விழும், நிலைமின்சாரம் உண்டாகும், திரை பழுதாகும். ஏன், எப்படி என்று தொடர்ந்து கேட்டவர்களே அதற்கும் வழி கண்டனர். 1992இல் ஷாட்டும் அவரோடு உழைத்தவர்களும், துணி தொடாமல், ஒரே தளத்தில் அதிரும் புறஊதா ஒளியைப் பாலிமர்மேல் பாய்ச்சியே மூலக்கூறுகளை வரிசைப்படுத்திக் காட்டினர். இன்று பல திரைகள் அம்முறையில் செய்யப்படுகின்றன. செய்ததோடு நின்றிருந்தால் இது வந்திராது. படித்ததோடு நின்றிருந்தால் தேய்த்துப் பார்க்கவே யாருக்கும் தோன்றியிராது.

ஆகவே பெற்றோரையும் ஆசிரியைகளையும் அருட்சகோதரிகளையும் நாங்கள் பணிவுடன் கேட்டுக்கொள்வது இதுதான்: எங்கள் செய்முறை நேரத்தை மதிப்பெண்ணுக்காக எடுத்துவிடாதீர்கள். தோழியரே, நமக்கும் ஒரு கடமை உண்டு. சோதனைக் குழாயை ஒருத்தி பிடிக்க, மற்ற நால்வர் விடையைப் பார்த்து எழுதிக்கொள்ளும் வழக்கத்தை விட்டுவிடுவோம். ஒவ்வொருவரும் கையால் செய்வோம். செய்தபின் ஏன் என்று கேட்போம். விடை அன்றைக்கே கிடைக்காவிட்டாலும் கேள்வியை மட்டும் கைவிடாதிருப்போம்.