ஒட்டினால் மட்டும் போதாது!

டியூப் லைட்டைப் போட்டதும் உள்ளே ஒளிர்கிறதே, அதுதான் பிளாஸ்மா. திடம், திரவம், வாயுவுக்கு அடுத்த நான்காவது நிலை. வாயுவில் மின்சாரம் பாயும்போது அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிவதால் உண்டாவது.

ஸ்ரீபெரும்புதூருக்கு இது புதிதல்ல. அங்குள்ள செயின்ட் கோபேன் ஆலையில், வெயிலைத் தடுக்கும் கண்ணாடிகளுக்கு மெல்லிய உலோகப் பூச்சு ஏறுவது பிளாஸ்மாவின் தயவில்தான்.

பிளாஸ்மாப் பூச்சு மனித உடம்புக்கும் உதவும். எப்படி?

இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு வைக்கும் ஸ்டென்ட், ஓர் உலோக வலைக்குழாய். ரத்தத்துக்கு அது அந்நியப் பொருள். பட்டதும் உறையப் பார்க்கும். அதனால்தான் ஸ்டென்ட் வைத்தவர்கள் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கிறது. அந்த உலோகத்தின்மேல் உடம்புக்குப் பழகிய புரதத்தைப் போர்த்திவிட்டால்?

சிக்கல் அங்கேதான். புரதம் என்பது குறிப்பிட்ட விதத்தில் மடிந்திருக்கும் சங்கிலி. மடிப்பு கலைந்தால் வேலை செய்யாது. வெந்த முட்டையின் வெள்ளைக்கரு பழையபடி ஆகாது அல்லவா, அதுபோல! தண்ணீர் ஒட்டாத பரப்புகளில் புரதம் ஒட்டினாலும் மடிப்பு கலைந்துவிடலாம்.

ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் மார்செலா பிலெக் குழுவினர் இதற்கு வழி கண்டார்கள். வெற்றிட அறையில் உலோகத்தின்மேல் கார்பன் கலந்த பிளாஸ்மாப் பூச்சு. அயனிகள் வேகமாக மோதுவதால் பூச்சுக்குள் பிணைப்புகள் அறுந்து, துணை தேடும் 'ராடிக்கல்'கள் தங்குகின்றன. அவை மெல்ல மேலே வந்து புரதத்தை இறுகப் பற்றிக்கொள்கின்றன. பரப்பு தண்ணீரை ஏற்கும் தன்மைக்கு மாறுவதால் மடிப்பும் காப்பாற்றப்படுகிறது. தனியாகப் பசை வேண்டாம். புரதக் கரைசலில் முக்கி எடுத்தால் போதும்.

ரத்தக்குழாய்க்கு நெகிழ்வு தரும் எலாஸ்டினின் மூலப்புரதம் ட்ரோபோஎலாஸ்டின். அதை இப்படி ஒட்டிய உலோகத்தில் ரத்தம் உறைவது குறைந்ததை ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை: ஆஸ்பத்திரிகளில் வழக்கமாக வைக்கும் ஸ்டென்ட்கள் இந்த வகை அல்ல. டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

இந்தியா தனக்கு வேண்டிய மருத்துவக் கருவிகளில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. இதை மாற்றத்தான் மருத்துவக் கருவிப் பூங்காக்கள். மத்திய அரசின் திட்டத்தில் தேர்வான 4 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று, இடம், ஒரகடம். வெளியிலிருந்து வரும் பாகங்களைப் பூட்டி அனுப்புவதோடு நின்றால் லாபமும் நுட்பமும் வெளியூருக்கே போகும். பூச்சு நுட்பத்தையும் அங்கேயே வளர்த்தால், நாளைய ஸ்டென்ட் நம் ஊர் நோயாளிக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க வாய்ப்புண்டு.