கேஸ் மாத்திரைக்கும் கை நடுக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

நைட்டு பிரியாணி, காலையில நெஞ்செரிச்சல். நேரா மெடிக்கல் ஷாப்புக்குப் போய், "அண்ணே, ஒரு கேஸ் மாத்திரை குடுங்க" என்று வாங்கிப் போடுபவரா நீங்கள்? அந்த அட்டையை ஒரு நிமிஷம் திருப்பிப் பாருங்க. பான்டோப்ரசோல், ராபிப்ரசோல் போன்ற பெயர்களுக்குப் பக்கத்தில் 'லெவோசல்பிரைடு' என்று இருக்கிறதா?

முதல் இரண்டும் அமிலத்தைக் குறைப்பவை. இது வேறு ரகம். மனநோய்க்குத் தரப்படும் சல்பிரைடு மருந்தின் ஒரு வடிவம். நம் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் டோபமைனின் வேலையை மூளையில் தடுக்கக்கூடியது. வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்கான புரோகுளோர்பெரசின் இரண்டும் இதே வேலையைச் செய்பவைதான்.

எல்லோருக்கும் பிரச்னை வராது. வந்தால், இளைஞர்களுக்குப் பெரும்பாலும் ஓரிரு நாளிலேயே தெரியும். கழுத்து ஒரு பக்கமா இழுத்துக்கும், கண் மேலே செருகும், தாடை இறுகும். வலிப்புன்னு வீடே பதறும். காரணம் புரிந்து டாக்டர் ஊசி போட்டால் பொதுவாகச் சீக்கிரமே சரியாகிவிடும்.

பெரியவர்கள் கதைதான் கவலைக்குரியது. மாதக்கணக்கில் சாப்பிடும்போது கை நடுங்கும், நடை தளரும். 'வயசாச்சுல்ல' என்று விட்டுவிடுவோம். சிலருக்கு பார்கின்சன் என்று நினைத்து, அதற்கும் ஒரு மாத்திரை சேரும். உதடு தானாகச் சப்புக்கொட்டும், நாக்கு துழாவும் 'டார்டிவ் டிஸ்கைனீசியா' வந்துவிட்டால், மருந்தை நிறுத்தினாலும் போகாமல் இருக்கலாம்.

இதனால்தான் மெட்டோகுளோபிரமைடை 12 வாரங்களுக்கு மேல் தொடரக் கூடாது என்று 2009-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ கடும் எச்சரிக்கை சேர்த்தது. 2013-ல் ஐரோப்பா அதிகபட்சம் 5 நாள் என்று சுருக்கியது. லெவோசல்பிரைடுக்கு அமெரிக்காவில் அனுமதியே இல்லை. இங்கே? டாக்டர் சீட்டு கேட்க வேண்டிய மருந்து, சில்லறை பாக்கியோடு சேர்ந்து வருது.

டாக்டர் "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டால் சுகர், பி.பி என்று அடுக்குவோம். கேஸ் மாத்திரையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. காரணம் பல நேரம் அங்கேதான் தப்பிவிடுகிறது. அடுத்த முறை அம்மா, அப்பாவோடு போகும்போது எல்லா அட்டைகளையும் போட்டோ எடுத்துட்டுப் போங்க.

ஒரு விஷயம். மனநல சிகிச்சைக்காக இந்த வகை மருந்து எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நீங்களாகவே நிறுத்திடாதீங்க. டாக்டரிடம் கேட்டால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். பக்கவிளைவு சந்தேகம் இருந்தால், மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நீங்களே புகார் சொல்லலாம். கட்டணமில்லா எண்: 1800-180-3024.