கடலில் மிதந்த தபால்பை

1919 ஏப்ரலில் நியூஃபவுண்ட்லாந்து அஞ்சல் துறை, காரிபூ மான் படம் போட்ட தன் 3 சென்ட் தபால்தலையின் மேல், அட்லாண்டிக்கைத் தாண்டும் முதல் விமானத் தபாலுக்கென்று கறுப்பு மையில் சில வரிகளை மேலச்சாக அச்சடித்தது. மொத்தம் 200 தலைகள். பழுதான 18 அழிக்கப்பட்டன. 95 தலைகள் கடிதங்களில் ஏறின. மே 18 அன்று ஹாரி ஹாக்கரும் மெக்கன்ஸி-கிரீவும் அந்தத் தபால்பையோடு செயின்ட் ஜான்ஸிலிருந்து பறந்தார்கள். எஞ்சின் சூடேறி விமானம் கடலில் இறங்கியது. மேரி என்ற டென்மார்க் கப்பல் இருவரையும் ஏற்றிக்கொண்டது. மிதந்த விமானத்தைப் பின்னர் இன்னொரு கப்பல் கண்டெடுக்க, உப்புநீரில் ஊறிய கடிதங்கள் லண்டன் போய்ச் சேர்ந்தன.

மூலத் தலை மலிவானது. கறுப்பு வரிகளைச் சேர்த்துவிட்டால் விலை பன்மடங்கு. மோசடிக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தாள் அசல், மான் அசல், வரிகள் மட்டும் பொய். எழுத்தின் வடிவையும் இடைவெளியையும் அளந்து பார்க்கலாம். அதைவிட நான் நம்புவது மைகளின் வரிசையை. மேலச்சு முதலில், தபால் முத்திரை பிறகு; அதுதான் முறை. முத்திரைக்கு மேல் மேலச்சின் மை ஏறியிருந்தால், பயன்படுத்திய தலையில் பிற்பாடு எவனோ கைவைத்திருக்கிறான்.

தலை ஒட்டிய உறை என்றால் சோதனை இன்னும் கடினம், இன்னும் நியாயமானது. தேதி, கட்டணம், போன வழி, நீரின் கறை எல்லாம் ஒரே பயணத்தைச் சொல்ல வேண்டும். பறக்காத கடிதத்தைப் பறந்ததாகக் காட்டுகிறவன் வாங்குபவனை மட்டும் ஏமாற்றவில்லை. அந்தப் பயணத்தின் வரலாற்றிலேயே பொய்யைச் செருகுகிறான்.

லண்டன் ராயல் ஃபிலாட்டலிக் சங்கத்தின் நிபுணர் குழு 1894 முதல் தலைகளைச் சோதித்துச் சான்றிதழ் தருகிறது. சான்றிதழ் தேவைதான், ஆனால் போதாது. தீர்ப்போடு காரணத்தையும் கேட்கும் பழக்கம் சேகரிப்பாளர்களுக்கு வர வேண்டும். போலி என்று தெரிந்ததைச் சத்தமில்லாமல் மறுபடி சந்தையில் தள்ளிவிடும் வழக்கத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

போலித் தலைகள் செய்த ஜான் தெ ஸ்பெராட்டி மலிவான அசல் தலைகளின் அச்சை ரசாயனத்தால் வெளுத்து, அதே தாளில் அரிய தலைகளை அச்சிட்டார். 1954இல் பிரிட்டிஷ் ஃபிலாட்டலிக் அசோசியேஷன் அவருடைய சரக்கையும் கருவிகளையும் விலைக்கு வாங்கி, மறு ஆண்டே அவர் வேலையை விளக்கும் நூலை வெளியிட்டது. விமானத் தபால் போலிகளையும் சங்கங்கள் அப்படித்தான் வாங்கி, குறிப்பெழுதி, கேட்பவருக்கெல்லாம் திறந்து காட்ட வேண்டும்.